விமானம் மாறலாம், பொறுப்பு மாறலாமா?

பேருந்துப் பயணத்தில் நாம் அனைவரும் கண்ட காட்சிதான் இது. வழியில் வண்டி பழுதாகி நின்றுவிட்டால், நடத்துநர் இறங்கிச் சாலையோரம் நின்று, பின்னால் வரும் பேருந்தைக் கைகாட்டி நிறுத்துவார். பயணிகள் மூட்டை முடிச்சுகளுடன் அதில் ஏறிக்கொள்வார்கள். இடம் கிடைத்தவர் உட்காருவார். கிடைக்காதவர் நின்றுகொண்டே ஊர் போய்ச் சேருவார். சற்றுத் தாமதமானாலும் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டோமே என்ற நிறைவில் யாரும் அதற்கு மேல் கணக்குப் பார்ப்பதில்லை.

விமானப் பயணத்திலும் இப்போது ஏறத்தாழ இதுவே நடக்கத் தொடங்கியிருக்கிறது. குறைந்த கட்டண நிறுவனம் ஒன்றில் பல வாரங்களுக்கு முன்பே பணம் செலுத்திப் பதிவு செய்திருப்போம். பயணத்துக்குச் சில நாள்கள் இருக்கையில் ஒரு குறுஞ்செய்தி வரும்: உங்கள் பயணம் வேறொரு நிறுவனத்தின் விமானத்துக்கு மாற்றப்பட்டுள்ளது. அதில் விளக்கம் இருக்காது. பெரும்பாலும் ஏற்றுக்கொள்வதற்கான ஒரு பொத்தான் மட்டும் இருக்கும்.

ஆனால், பேருந்து மாறுவதும் விமானம் மாறுவதும் ஒன்றல்ல. நிறுவனம் மாறினால் உடைமைகளின் எடை வரம்பு மாறும். புறப்படும் முனையம் மாறும். பணம் கொடுத்துத் தேர்ந்த இருக்கை போகும். சில வேளைகளில் நேரடிப் பயணம், இடையில் ஒரு நாட்டில் இறங்கி ஏறும் பயணமாகிவிடும். இவ்வளவுக்குப் பிறகும் பயணியிடம் பணம் வாங்கிய நிறுவனத்தின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் செய்தி. நம் விதிகளில் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால், பயணிக்கு அது எடுத்துச் சொல்லப்படுவதில்லை. விதிகளிலும் நிரப்பப்பட வேண்டிய இடைவெளிகள் உள்ளன.

ஏன் மாற்றுகிறார்கள்?

குறைந்த கட்டண விமான சேவையின் அடிப்படைக் கணக்கு எளிமையானது. விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். எனவே, ஒரே விமானம் காலையில் தொடங்கி இரவு வரை பல ஊர்களுக்கு இடைவிடாமல் பறந்துகொண்டிருக்கும். காத்திருப்பில் வைக்கப்படும் உபரி விமானங்கள் மிகக் குறைவு. காலையில் ஒரு விமானம் பழுதானால், அதே விமானத்தை நம்பியிருக்கும் மாலைப் பயணி வரை அதன் பாதிப்பு நீளும். இந்தச் சிக்கனமே நமக்கு மலிவான கட்டணமாகக் கிடைக்கிறது என்பதையும் மறுக்க இயலாது.

இத்தகைய இறுக்கமான ஏற்பாட்டில் விமானங்களின் எண்ணிக்கையே குறைந்தால் என்ன ஆகும் என்பதை அண்மை ஆண்டுகள் காட்டின. பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் ஒருவகை எஞ்சின்களில் ஏற்பட்ட கோளாறுகளால் உலகெங்கும் நூற்றுக்கணக்கான விமானங்கள் தரையிறக்கப்பட்டன. இந்தியாவில் இண்டிகோ நிறுவனத்தின் பல விமானங்கள் முடங்கின. அதே எஞ்சின் சிக்கலைக் காரணம் காட்டித்தான் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் 2023 மே மாதம் திவால் நடவடிக்கையை நாடி, மே 3 முதல் சேவையை நிறுத்தியது. புதிய விமானங்களுக்குப் பதிவு செய்தாலும் அவை கைக்கு வர ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனவே, பிற நிறுவனங்களிடமிருந்து விமானத்தையும் விமானிகளையும் வாடகைக்கு எடுப்பதும், ஒரே குழுமத்துக்குள் வழித்தடங்களைக் கைமாற்றுவதும், இயலாதபோது பயணியை வேறொரு நிறுவனத்தில் ஏற்றி அனுப்புவதும் பெருகியுள்ளன.

நான்கு வகை மாற்றங்கள்

வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும், இந்த மாற்றங்களில் நான்கு வகை உண்டு. எந்த வகை என்பதைப் பொறுத்தே பயணியின் உரிமை அமைகிறது.

முதல் வகை, வாடகை விமானம். விமான எண்ணும் நேரமும் மாறாது. ஆனால், விமானமும் விமானிகளும் வேறு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள். 2023 முதல் இண்டிகோ நிறுவனம் தில்லி - இஸ்தான்புல் தடத்தில் துருக்கி ஏர்லைன்ஸிடமிருந்து வாடகைக்கு எடுத்த பெரிய ரக விமானத்தை இயக்கியது இதற்கு எடுத்துக்காட்டு. 2025-இல் மும்பையிலிருந்து மான்செஸ்டருக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் அந்நிறுவனம் தொடங்கிய சேவைகளுக்கு நார்வேயைச் சேர்ந்த நார்ஸ் அட்லாண்டிக் நிறுவனத்தின் விமானங்கள் பயன்பட்டன. இங்கே நம் ஒப்பந்தம் மாறவில்லை. வாகனம் மட்டுமே மாறுகிறது.

இரண்டாம் வகை, கோட்ஷேர் எனப்படும் குறியீட்டுப் பகிர்வு. ஒரு நிறுவனம் தன் பெயரில் பயணச்சீட்டை விற்கும். விமானத்தை இயக்குவது கூட்டாளி நிறுவனமாக இருக்கும். இயக்குபவர் யார் என்பது பதிவு செய்யும்போதே பயணச்சீட்டில் சிறிய எழுத்தில் குறிப்பிடப்பட்டிருக்கும். இதை மாற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால், அந்தச் சிறிய எழுத்தைப் படிக்காதவருக்கு விமான நிலையத்தில் அது மாற்றமாகவே தெரியும்.

மூன்றாம் வகை, நிறுவனங்களின் இணைப்பு. ஏர் ஏசியா இந்தியா என்று அறியப்பட்டு, பின்னர் ஏஐஎக்ஸ் கனெக்ட் எனப் பெயர் மாறிய நிறுவனம், 2024 அக்டோபர் 1-ஆம் தேதி ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுடன் இணைந்தது. அதே ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி விஸ்தாரா நிறுவனம் ஏர் இந்தியாவுடன் இணைந்தது. அந்தத் தேதிக்குப் பிந்தைய பயணத்துக்கு விஸ்தாராவில் பதிவு செய்திருந்தவர்கள் ஏர் இந்தியாவின் பயணிகளாயினர். விமான எண் மாறினாலும் பழைய நிறுவனத்தின் கடமைகள் முழுவதும் புதிய நிறுவனத்தின் தோளுக்குச் செல்லும் என்பதால், இவ்வகையில் பயணியின் நிலை ஓரளவு பாதுகாப்பானது.

நான்காம் வகைதான் உண்மையான கைமாற்றம். பதிவு செய்த விமானம் ரத்தாகிறது. நிறுவனம் வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் இடம் வாங்கித் தருகிறது. பழைய முழுச் சேவை நிறுவனங்களுக்கிடையே, ஒருவர் வழங்கிய பயணச்சீட்டை மற்றவர் ஏற்கும் உடன்பாடுகள் நீண்டகாலமாக உள்ளன. குறைந்த கட்டண நிறுவனங்கள் பலவும் செலவைக் குறைக்கும் பொருட்டு இத்தகைய உடன்பாடுகளில் சேருவதில்லை. அதனால்தான் அவற்றின் முதல் பதில், எங்கள் அடுத்த விமானத்தில் அனுப்புகிறோம் என்பதாகவே இருக்கும். அந்த அடுத்த விமானம் மறுநாளோ அதற்கும் மறுநாளோ இருக்கலாம். வேறு நிறுவனத்தில் அனுப்ப அவர்கள் முன்வந்தால், அது பெரும்பாலும் சந்தை விலையில் புதிதாக வாங்கப்பட்ட பயணச்சீட்டு. பழைய பதிவுக்கும் அதற்கும் கணினியில் எந்தத் தொடர்பும் இருக்காது. சிக்கல்கள் தொடங்கும் இடமும் அதுவே.

விதி என்ன சொல்கிறது?

இந்தியாவில் பயணிகளின் உரிமைகளை வரையறுப்பது, விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2010-இல் வெளியிட்டு, பின்னர் பலமுறை திருத்திய விதித்தொகுப்பு. விமானத்தில் ஏற மறுக்கப்படுதல், ரத்து, தாமதம் ஆகிய மூன்றையும் அது தனித்தனியே கையாள்கிறது.

ரத்து செய்வதாக இருந்தால், புறப்பாட்டுக்கு இரண்டு வாரங்கள் முன்னதாகப் பயணிக்குத் தெரிவித்து, மாற்று விமானத்தையோ முழுப் பணத்தையோ அளிக்க வேண்டும். இரண்டு வாரங்களுக்குக் குறைவாகவும், புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பு வரையிலும் தெரிவித்தாலும் இதே தேர்வு பயணிக்கு உண்டு. இங்கே கவனிக்க வேண்டிய சொற்றொடர் 'பயணிக்கு ஏற்புடைய வகையில்' என்பது. மாற்று விமானமா, பணமா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை நிறுவனத்துக்கு அல்ல, பயணிக்கே உரியது. நிறுவனம் தன் விருப்பப்படி வேறொரு விமானத்தில் இடம் ஒதுக்கிவிட்டு, எங்கள் கடமை முடிந்தது என்று சொல்லிவிட முடியாது.

உரிய முன்னறிவிப்பு இல்லாமல் ரத்து செய்தால் இழப்பீடும் உண்டு. ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு ரூ.5,000, இரண்டு மணி நேரம் வரை ரூ.7,500, அதற்கு மேற்பட்டால் ரூ.10,000, அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணத்துடன் எரிபொருள் கட்டணம் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது. மலிவான பயணச்சீட்டு வைத்திருப்பவருக்கு இழப்பீடும் மலிவாகவே கிடைக்கும் என்பதே இதன் பொருள்.

அளவுக்கு மிஞ்சி இடங்களை விற்றுவிட்டு, விமான நிலையத்தில் ஏற மறுத்து வேறு விமானத்துக்கு அனுப்புவது தனி வகை. முதலில், தாமாக விட்டுக்கொடுக்க முன்வருவோரைத் தேட வேண்டும். மறுக்கப்பட்டவருக்கு மூல நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் புறப்படும் மாற்று விமானம் கிடைத்தால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால் அடிப்படைக் கட்டணத்தைப் போல இரு மடங்கு, உச்சவரம்பு ரூ.10,000, அதற்கு மேல் என்றால் நான்கு மடங்கு, உச்சவரம்பு ரூ.20,000. எரிபொருள் கட்டணமும் இக்கணக்கில் சேரும்.

புயல், மூடுபனி, அரசியல் கொந்தளிப்பு போன்று நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்கள் இருந்தால் இழப்பீடு கிடையாது. ஆனால், அப்போதும் குறைந்தபட்சக் கவனிப்பைக் கைவிட இயலாது. மூடுபனியால் பயணிகள் பல மணி நேரம் விமானத்துக்குள்ளேயே காத்திருக்க நேர்ந்த ஒரு வழக்கில், 2011-இல் உச்சநீதிமன்றம் நிறுவனத்தின் மீதான இழப்பீட்டு உத்தரவை நீக்கியது. ஆயினும், குறைந்த கட்டண நிறுவனம் என்பதாலேயே பயணிகளுக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்ச வசதிகளைத் தட்டிக்கழித்துவிட முடியாது என்பதையும் உணர்த்தியது.

இன்னொரு விதியும் பலருக்குத் தெரிவதில்லை. திரும்பத் தர வேண்டிய பணத்தை, அடுத்த பயணத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று வரவாக வைத்துக்கொள்வது பயணியின் விருப்பமாக மட்டுமே இருக்க வேண்டும்; நிறுவனம் அதைத் தானாகச் செய்யக் கூடாது. முகவர் வழியாக வாங்கிய பயணச்சீட்டுக்கும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே.

விதிக்கும் நடைமுறைக்கும் இடையே

சென்னையிலிருந்து தில்லிக்கு நான் பதிவு செய்திருந்த குறைந்த கட்டண விமானம் ஒன்று பயணத்துக்கு மூன்று நாள்கள் முன்னதாக வேறு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. 'பயண நேரம் திருத்தப்பட்டுள்ளது' என்றே அச்செய்தி கூறியது. ரத்து என்ற சொல் எங்கும் இல்லை. புதிய விமானம் நான்கு மணி நேரம் பிந்திப் புறப்படுவது. பணத்தைத் திரும்பப் பெறும் தேர்வு இருக்கிறதா என்று வாடிக்கையாளர் சேவை எண்ணில் கேட்டபோதுதான், இருக்கிறது என்றார்கள். இருக்கைக்கும் உணவுக்கும் நான் தனியே செலுத்திய தொகையை மின்னஞ்சல் அனுப்பிக் கேட்ட பிறகே தந்தார்கள். கேட்காதவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விட்டு அகலவில்லை.

செய்தியின் சொற்கள் முக்கியமானவை. நம் பதிவிலிருந்த விமானம் பறக்கவே போவதில்லை என்றால், அதை 'திருத்தம்' என்று அழைத்தாலும் அது ரத்துதான். ரத்து என்று ஒப்புக்கொண்டால் விதியில் சொல்லப்பட்ட தேர்வுகளும் இழப்பீடும் உடன்வரும். அதனால்தான் அந்தச் சொல் தவிர்க்கப்படுகிறது.

அடுத்தது, தனியே விற்கப்பட்டவை. குறைந்த கட்டணச் சேவையில் இருக்கை, உணவு, கூடுதல் எடை, முன்னுரிமை எல்லாமே தனித்தனிச் சரக்குகள். அடிப்படைக் கட்டணத்துக்கு மாற்று இடம் கிடைத்தாலும், இவை தாமாகப் புதிய நிறுவனத்துக்குப் போய்ச் சேருவதில்லை. சக்கர நாற்காலி வேண்டும் என்று முன்பு தெரிவித்திருந்த முதியவரின் கோரிக்கையும் அப்படியே. புதிய நிறுவனத்தின் முகப்பில் நிற்கும் ஊழியருக்கு இவற்றில் எதுவுமே தெரிந்திருக்காது.

முனையமும் கவனிக்கத்தக்கது. மும்பையில் முதல் முனையமும் இரண்டாம் முனையமும் வெவ்வேறு பகுதிகளில் உள்ளன. தில்லியிலும் முதல் முனையத்திலிருந்து மூன்றாம் முனையத்துக்குச் சாலை வழியே பல கிலோமீட்டர் செல்ல வேண்டும். நிறுவனம் மாறியதைக் கவனித்தவர், முனையம் மாறியதைக் கவனிக்காவிட்டால் இரண்டாவது விமானத்தையும் தவறவிடுவார்.

பணம் படைத்தவருக்கு இவையெல்லாம் எரிச்சல் தரும் சிறு இடையூறுகள். திருச்சியிலிருந்து வளைகுடா நாடு ஒன்றுக்குத் திரும்பும் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். விடுப்பு முடியும் நாளும், மீண்டும் அந்நாட்டுக்குள் நுழைய அனுமதிக்கப்பட்ட நாளும் அவருக்கு வரையறுக்கப்பட்டவை. நேரடி விமானத்தில் 30 கிலோ உடைமைக்குப் பணம் கட்டியிருக்கிறார். அவரை இடையில் ஒரு நாட்டில் இறங்கி ஏறும் பயணத்துக்கு மாற்றினால், இரண்டு விமானங்களும் ஒரே பயணச்சீட்டில் இருக்கின்றனவா என்பது உயிர்நாடியான கேள்வியாகிவிடும். ஒரே சீட்டாக இல்லாவிட்டால், இடைவழி நாட்டில் குடியேற்றச் சோதனையைக் கடந்து வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்கு அந்நாட்டின் விசா தேவைப்படலாம். விசா இல்லாதவரைத் திருச்சியிலேயே ஏற்ற மறுப்பார்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினாலும் கேட்பதற்கு நாதி இருக்காது. மாற்று விமானம் கொடுத்துவிட்டோம் என்று நிறுவனத்தின் ஏட்டில் பதிவாகியிருக்கும். வேலையை இழந்து நிற்பவர் அத்தொழிலாளியாக இருப்பார்.

எல்லைகளைக் கடக்கும்போது

வெளிநாட்டுப் பயணங்களில் நமக்குத் துணை நிற்பது மான்ட்ரியல் உடன்படிக்கை. 1999-இல் உருவான அதில் இந்தியா 2009-இல் இணைந்தது. பயணியுடன் ஒப்பந்தம் செய்த நிறுவனம், உண்மையில் விமானத்தை இயக்கிய நிறுவனம் என இருவரை அது வேறுபடுத்துகிறது. ஒப்பந்தம் செய்தவர் பயணம் முழுவதற்கும் பொறுப்பு. இயக்கியவர் தாம் இயக்கிய பகுதிக்குப் பொறுப்பு. பயணி இவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முறையிடலாம். ஒருவரிடம் அளித்த புகார் மற்றவருக்கும் அளிக்கப்பட்டதாகவே கருதப்படும். அவரிடம் போங்கள், இவரிடம் போங்கள் என்று பயணியைப் பந்தாடுவதற்கு இந்த உடன்படிக்கையில் இடமில்லை.

உடைமை சேதமடைந்தால் அது கைக்கு வந்த 7 நாள்களுக்குள்ளும், தாமதமாகக் கிடைத்தால் கிடைத்த 21 நாள்களுக்குள்ளும் எழுத்துவடிவில் புகார் அளித்துவிட வேண்டும். வந்து சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாள்கள் கடந்தும் வராத பெட்டி, தொலைந்ததாகக் கொள்ளப்படும்.

ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் தெளிவாக இருக்கிறது. எந்த நிறுவனம் விமானத்தை இயக்கப் போகிறது என்பதைப் பயணிக்குத் தெரிவிப்பதை 2005-ஆம் ஆண்டின் சட்டம் கட்டாயமாக்கியது. பிறகு மாறினாலும் உடனே தெரிவிக்க வேண்டும். ரத்து, நெடுந்தாமதம் ஆகியவற்றுக்குத் தொலைவைப் பொறுத்து 250, 400, 600 யூரோ என்று இழப்பீடு வகுத்தது 2004-ஆம் ஆண்டின் சட்டம். நாம் கொடுத்த கட்டணம் எவ்வளவு என்பது அங்கே பொருட்டல்ல.

வாடகை விமானங்கள் குறித்து 2018-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இங்கே பொருந்தும். ஜெர்மனியிலிருந்து புறப்பட்ட ஒரு பயணத்துக்கு டியூஐஃபிளை நிறுவனம், தாம்சன் ஏர்வேஸிடமிருந்து விமானத்தையும் பணியாளர்களையும் வாடகைக்கு எடுத்திருந்தது. தாமதத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தது. விமானத்தையும் பணியாளர்களையும் வாடகைக்குக் கொடுத்தவர் அல்லர். அப்பயணத்தை நடத்துவதென்று முடிவெடுத்து, தடத்தைத் தீர்மானித்து, பயணிகளுக்கு வழங்கியவரே பொறுப்பு என்று நீதிமன்றம் கூறியது. விமானத்தின் வாலில் எந்தப் பெயர் எழுதியிருக்கிறது என்பதை வைத்துப் பொறுப்பைத் தீர்மானிக்க முடியாது என்பதே இதன் சாரம்.

பயணி செய்ய வேண்டியவை

இவற்றையெல்லாம் அறிந்த பின், மாற்றச் செய்தி வந்தால் ஒரு பயணி என்ன செய்யலாம்?

பதிவு செய்யும்போதே நம் சொந்தக் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுக்க வேண்டும். பலருடைய பதிவில் முகவரின் எண்ணே இருக்கிறது; செய்தி அவருக்குச் செல்லும். தொடர்பு விவரங்களைச் சரியாக அளிக்காத பயணிக்கு ரத்துக்கான இழப்பீடு இல்லை என்று விதி சொல்வதையும் மறக்கலாகாது.

செய்தி வந்ததும் ஏற்பதற்கான பொத்தானை அழுத்திவிடாமல், அது நான்கு வகைகளில் எது என்று பார்க்க வேண்டும். பழைய விமானம் ரத்தாகிவிட்டதா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பதில் பெறுவது நல்லது. பழைய செய்தி, புதிய செய்தி, கட்டண ரசீது ஆகியவற்றின் படங்களைச் சேமித்து வைக்க வேண்டும். செயலியில் பழைய பதிவு மறைந்துவிடக்கூடும்.

மாற்றை ஏற்பதாக இருந்தால், புதிய நிறுவனத்தின் பிஎன்ஆர் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். புதிய நிறுவனம் முழுச் சேவை நிறுவனமானால் 13 இலக்கப் பயணச்சீட்டு எண்ணும் தேவை. குறைந்த கட்டண நிறுவனங்கள் பலவற்றில் பிஎன்ஆர் மட்டுமே போதும் என்பதால் நாம் இந்த எண்ணைப் பற்றி நினைப்பதில்லை. ஆனால், முழுச் சேவை நிறுவனத்தில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தும் பயணச்சீட்டு வழங்கப்படாமல் இருக்கலாம். அப்படியானால் விமான நிலையத்தில் ஏற்ற மாட்டார்கள். அந்த எண்ணைக் கொண்டு புதிய நிறுவனத்தின் இணையதளத்தில் நாமே சரிபார்த்து, உடைமை எடை வரம்பு, முனையம், உணவு, சக்கர நாற்காலி ஆகியவற்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். எடை வரம்பு குறைந்தால், அந்த வேறுபாட்டைப் பழைய நிறுவனமே ஏற்க வேண்டும் என்று பயணத்துக்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும்.

மாற்று ஏற்புடையதல்ல என்றால் முழுப் பணத்தையும் கேட்கலாம். வரவாக வைத்துக்கொள்ளச் சொன்னால் மறுக்கலாம். ஆனால், பணத்தை வாங்கிய பின் நாமே வேறு விமானம் தேடினால், அன்றைய உயர்ந்த கட்டணத்தை நாமே சுமக்க வேண்டியிருக்கும். எனவே, வேறு விமானங்களின் கட்டணத்தைப் பார்த்த பிறகே இம்முடிவை எடுப்பது நலம்.

நிறுவனம் செவிசாய்க்காவிட்டால், மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் அளிக்கலாம்; தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதற்கும் பலனில்லையெனில் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வழி செய்கிறது. செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்குரைஞர் கட்டாயமில்லை.

அரசு செய்ய வேண்டியவை

விழிப்புள்ள பயணி தன் உரிமையைக் கேட்டுப் பெறுவார் என்பது உண்மையே. ஆனால், விழிப்பில்லாதவருக்கும் சேர்த்துத்தான் விதிகள் எழுதப்படுகின்றன.

2025 டிசம்பர் முதல் வாரத்தில், விமானிகளின் பணி நேரம், ஓய்வு குறித்த புதிய விதிகள் நடைமுறைக்கு வந்த நிலையில், இண்டிகோ நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. பிற நிறுவனங்களின் கட்டணம் தாறுமாறாக உயர்ந்தது. 500 கி.மீ. வரை ரூ.7,500 என்று தொடங்கி, நெடுந்தொலைவுக்கு ரூ.18,000 வரை என மத்திய அரசு உச்சவரம்பு விதிக்க நேர்ந்தது. ரத்தான பயணச்சீட்டின் பணத்தைத் திருப்பித் தருவது மட்டுமே போதிய நிவாரணம் ஆகாது என்பதை அந்நாள்கள் உணர்த்தின. ரூ.5,000-ஐத் திரும்பப் பெற்றவர் ரூ.15,000 கொடுத்து ஊர் சேர வேண்டியிருந்தால், நிறுவனத்தின் தவறுக்குப் பயணியல்லவா அபராதம் கட்டுகிறார்?

எனவே, மூன்று திருத்தங்களை விதியில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. முதலாவது, மாற்று விமானம் என்ற சொல்லுக்கு விளக்கம் தேவை. தன் சொந்த விமானத்தில் நியாயமான நேரத்துக்குள் அனுப்ப இயலாத நிறுவனம், இடம் இருக்கும் வேறு நிறுவனத்தில் தன் செலவில் அனுப்பியாக வேண்டும். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் மாற்றுப் பயணம் என்பதற்குப் பிற நிறுவனங்களின் விமானங்களையும் உள்ளடக்கியே பொருள் கொள்கிறார்கள்.

இரண்டாவது, பயணி பணம் கொடுத்து வாங்கிய ஒவ்வொன்றும் புதிய விமானத்திலும் கிடைக்க வேண்டும். கிடைக்காதவற்றின் விலை, பயணி கேட்காமலேயே திரும்பி வர வேண்டும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024-இல் வகுத்த விதி, உள்நாட்டுப் பயணத்தில் 3 மணி நேரம், வெளிநாட்டுப் பயணத்தில் 6 மணி நேரம், இடைநிறுத்தங்கள் அதிகரித்தல் போன்றவற்றைக் குறிப்பிடத்தக்க மாற்றம் என வரையறுத்து, மாற்றை ஏற்காத பயணிக்குத் தானாகவே பணம் திரும்ப வழி செய்தது. இத்தகைய தெளிவான அளவுகோல் நமக்கும் தேவை.

மூன்றாவது, மாற்றச் செய்தியின் வாசகத்தையே இயக்குநரகம் வகுத்துத் தர வேண்டும். ரத்து என்றால் ரத்து என்றே சொல்ல வேண்டும். ஏற்கிறேன், பணம் வேண்டும் என்ற இரு தேர்வுகளும் ஒரே அளவில், அருகருகே, பயணியின் மொழியில் இருக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ பெருஞ்செலவோ தேவையில்லை.

குறைந்த கட்டண விமானங்களால்தான், ஒருகாலத்தில் அண்ணாந்து பார்த்த விமானத்தில் எளிய மக்களும் இன்று ஏறிச் செல்கிறார்கள். அந்தச் சேவை தழைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. இக்கட்டான வேளையில் பயணியை வேறொரு விமானத்தில் ஏற்றி அனுப்புவதும் வரவேற்கத்தக்கதே. ஆனால், குறைத்துக்கொள்ளக்கூடியவை உணவும் இருக்கையின் அகலமும்தான். கொடுத்த வாக்கு அந்தப் பட்டியலில் இல்லை. நம்மிடம் பணம் வாங்கியவர் யாரோ, ஊர் போய்ச் சேரும் வரை நம் பயணத்துக்கு அவரே பொறுப்பு.